செயின் மருந்துக் கடையில் 500 மணி நேரம்: டி.பார்ம் டிரெய்னி கவுண்டரில் கற்க வேண்டியது என்ன?

பார்மசி டிப்ளமோவான டி.பார்ம் இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, தமிழ்நாட்டில் நிறையக் கிளைகள் உள்ள ஒரு செயின் மருந்துக் கடையில் பயிற்சிக்குச் சேரப் போகிறீர்கள். என்ன வேலை தருவார்கள், எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கே தவறு நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பில் போடுவதும் ரேக் அடுக்குவதும் யாரும் கேட்காமலே சொல்லிக் கொடுக்கப்படும்; கடைக்கு அது உடனே தேவை. மருந்தை எடுத்து நீட்டும் முன் எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். அதை நீங்கள்தான் பார்மசிஸ்ட் பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பதிலில் பெரும்பகுதி அந்த இடங்களைப் பற்றியதுதான்.

முதலில் காகித வேலை. விதிப்படி 500 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி, மூன்று மாதத்துக்குக் குறையாத காலத்தில். அதில் குறைந்தது 250 மணி நேரம் மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையிலேயே கழிய வேண்டும். மூன்று மாதம் என்பது சுமார் 13 வாரம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 78 நாள். நாளுக்கு ஆறரை மணி நேரம் நின்றால் 507 மணி நேரம் வந்துவிடும். பத்து மணி நேர ஷிஃப்ட் போட்டு இரண்டே மாதத்தில் முடித்துவிடலாம் என்று கடையில் சொன்னால், மணிக்கணக்கு நிறைந்தாலும் மாதக் கணக்கு நிறையாது என்பதை நினைவில் வையுங்கள்.

கல்லூரி தரும் ஒப்பந்தப் படிவத்தில் பயிற்சி தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் படிவம் 20, படிவம் 21 என்ற சில்லறை மருந்து விற்பனை உரிமங்களைப் பாருங்கள். உங்களுக்குப் பயிற்சி தருபவர் அந்தக் கடையின் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பார்மசிஸ்ட் இருக்கும் கடையில் இரண்டு டிரெய்னிக்கு மேல் எடுக்கக் கூடாது. கூடுதலாக உள்ள ஒவ்வொரு பார்மசிஸ்டுக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். செயின் கடைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பார்மசிஸ்டைத் திடீரென்று வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று மாதக் கையெழுத்தைக் கடைசி நாளில் வாங்கலாம் என்று விட்டால், உங்களைப் பார்த்தே இராத புது ஆள் முன்னால் போய் நிற்க வேண்டிவரும். தேதி, நேரம், செய்த வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வாரம் ஒருமுறை கையெழுத்து வாங்குங்கள். போகாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் படித்து வந்தவர் பிறகு தனியாகக் கவுண்டரில் நிற்கும்போது என்ன ஆகும் என்பதைக் கீழே படித்தால் உங்களுக்கே விளங்கும்.

முதல் இரண்டு வாரம் ரேக்குதான். பெரும்பாலான கடைகளில் மாத்திரை எல்லாம் பிராண்டு பெயரின் அகரவரிசையில் இருக்கும். சிரப், களிம்பு, சொட்டு மருந்து, ஊசி மருந்து எல்லாம் தனித்தனி. இந்த வேலையை மட்டம் என்று நினைக்காதீர்கள். ஒரு பெட்டியை அடுக்கும்போது பெயர், மூலப்பொருள், பலம், எக்ஸ்பைரி நான்கையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடுக்குங்கள். நாளுக்கு முப்பது பெட்டி என்றாலும் ஒரு மாதத்தில் கடையில் ஓடும் மருந்துகளில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் மனதில் ஏறிவிடும். புதிதாக வந்த சரக்கை முன்னால் வைக்காதீர்கள். எது முதலில் காலாவதியாகுமோ அது முன்னால். எக்ஸ்பைரி 06/26 என்று மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஆனால் ஜூன் 25-ஆம் தேதி ஒருவருக்கு முப்பது நாள் மாத்திரையாக அதைக் கொடுத்தால் சுமார் 24 நாள் காலாவதியானதைத்தான் அவர் சாப்பிடுவார். கம்ப்யூட்டர் அதைத் தடுக்காது. காலாவதியானதைத் தனிப் பெட்டியில், 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனியே வைக்க வேண்டும். கீழ் டிராயரில் மற்ற மருந்தோடு கலந்து கிடந்தால், மருந்து ஆய்வாளர் வரும்போது அது விற்பனைக்கு வைத்ததாகவே கருதப்படும்.

அட்டையை வெட்டுவது சின்ன வேலை போலத் தெரியும். சீட்டில் பத்து மாத்திரை, அட்டையில் பதினைந்து. டோலோ 650 பதினைந்து, எக்கோஸ்ப்ரின் 75 பதினான்கு என்று ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) எக்ஸ்பைரியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கும்படி எதிர் முனையிலிருந்து வெட்டுங்கள். மாற்றி வெட்டினால் மீதி ஐந்து மாத்திரை எந்த பேட்ச், எப்போது காலாவதி என்று தெரியாத அநாதையாகிவிடும். திருப்பி அனுப்பவும் முடியாது, விற்கவும் கூடாது. வாங்கிப் போகிறவர் கையில் எக்ஸ்பைரி இல்லாத துண்டு போகிறது அல்லவா, அதற்குத்தான் கவரின் மேல் மருந்தின் பெயரையும் எக்ஸ்பைரியையும் எழுதித் தர வேண்டும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்து எண்ணிக் கவரில் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் சில மாத்திரைகள் நான்கே நாளில் நிறம் மாறும்.

பில் போடும்போது திரையில் காட்டும் பேட்ச் எண்ணும் கையில் இருக்கும் அட்டையின் பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கூட்ட நேரத்தில் முதலில் வரும் வரியைத் தட்டிவிடுவதுதான் வழக்கம். இது ஏன் முக்கியம் என்று கேட்டால், 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தின் எஸ்.ஆர்-13 பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருப்பதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தில் அந்த மருந்தைக் குடித்த குழந்தைகள் இறந்தார்கள். இப்படி ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொல்லும் நாளில், அது யார் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியது உங்கள் பில் ஒன்றுதான். பில்லில் தவறான பேட்ச் இருந்தால் போன் செய்ய வேண்டிய வீட்டுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

சீட்டைப் படிப்பதற்கு வருவோம். முதலில் மருந்தைப் பார்க்காதீர்கள். நோயாளியின் பெயர், வயது, தேதி, டாக்டரின் பெயர், பதிவு எண் ஆகியவற்றைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சீட்டில் மேல் பாதி வெட்டப்பட்டிருந்தால் முழுப் படத்தையும் கேளுங்கள். தேதியை மறைக்கத்தான் பாதிப் பேர் வெட்டுகிறார்கள். பிறகுதான் மருந்து. 'டி' என்றால் மாத்திரை, 'சி' அல்லது 'கேப்' என்றால் கேப்சூல், 'சிப்' என்றால் சிரப். 1-0-1 என்பது எல்லோருக்கும் தெரியும். பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை. ஆனால் கண் டாக்டர் சீட்டில் அதே ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கும், ஓ.எஸ். இடது கண். கண் சொட்டு மருந்துக்கு நேரே ஓ.டி. என்று பார்த்ததும் கவரில் 'தினம் ஒரு முறை' என்று எழுதிக் கொடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

எண்ணிக்கையைச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். 1-0-1 ஐந்து நாள் என்றால் பத்து. அரை-0-அரை முப்பது நாள் என்றால் முப்பது. சிக்கல் எழுவது ஸ்டீராய்டு போன்ற படிப்படியாகக் குறைக்கும் மருந்தில்தான். பிரெட்னிசோலோன் 20 மி.கி. ஐந்து நாள், 10 மி.கி. ஐந்து நாள், 5 மி.கி. ஐந்து நாள் என்று இருந்தால் மூன்று பலத்திலும் ஐந்தைந்து எடுத்து, மூன்று கவரில் போட்டு, 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். ஒரே கவரில் போட்டால் வீட்டில் எல்லாம் ஒரே வெள்ளை மாத்திரை.

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். பிரஷருக்கான டெல்மா ஒன்று, டெல்மா-ஹெச் என்றால் கூடவே நீர் பிரியும் மருந்து, டெல்மா-ஏஎம் என்றால் கூடவே அம்லோடிபின். கிளைகோமெட் என்றால் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மட்டும். கிளைகோமெட் ஜிபி1, ஜிபி2 என்றால் அதோடு சர்க்கரையை இன்னும் இறக்கும் கிளிமிபிரைடு 1 அல்லது 2 மி.கி. சேர்ந்திருக்கும். வெறும் மெட்ஃபார்மின் சாப்பிடும் எழுபது வயதுப் பாட்டிக்கு ஜிபி2 போய்விட்டால், அவர் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கும் ஒரு நாளில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். அட்டை நிறத்தை நம்பி எடுப்பதை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஒரே கம்பெனியின் நான்கு மருந்து ஒரே நிறத்தில் வரும். ரேக்கிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, பில் போடும்போது ஒரு முறை, கையில் கொடுக்கும்போது ஒரு முறை என்று மூன்று தடவையும் பெயரையும் பலத்தையும் படியுங்கள். சீட்டு புரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். 'ஃபோ' என்று தொடங்குகிறது, எலும்பு டாக்டர் எழுதியிருக்கிறார், அதனால் இதுவாகத்தான் இருக்கும் என்ற யோசனை வந்தாலே பார்மசிஸ்டிடம் கொண்டுபோங்கள். அவர் டாக்டரைக் கூப்பிடட்டும்.

அந்த 'ஃபோ'வையே கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதுவார்கள். அதன் பிராண்டுகளில் ஒன்று ஃபோலிட்ராக்ஸ். அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே ஃபோலிக் அமிலம் எழுதுவார்கள். அதற்கு ஃபோல்வைட் என்று ஒரு பிராண்டு. இரண்டும் 'ஃபோல்' என்றே தொடங்கும், இரண்டும் ஒரே சீட்டில் அடுத்தடுத்த வரியில் இருக்கும், அகரவரிசையில் அடுக்கினால் ரேக்கிலும் அக்கம்பக்கம். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். அதைத் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறைந்து, உயிரே போகலாம். ஆகவே இந்த மருந்து வந்தால் டிரெய்னி தனியாகக் கொடுக்கவே வேண்டாம். கவரில் 'வாரம் ஒரு முறை' என்று எழுதினால்கூடப் போதாது; 'திங்கட்கிழமை மட்டும்' என்று கிழமையை எழுதுங்கள். சீட்டில் கிழமை இல்லை என்றால் டாக்டரிடம் கேட்ட பிறகு எழுதுங்கள். வாங்குகிறவரிடம், “இது எந்தக் கிழமை சாப்பிடணும், சொல்லுங்க பார்ப்போம்” என்று திருப்பிக் கேளுங்கள். அவர் வாயால் 'திங்கள்' என்று வந்த பிறகு பையில் போடுங்கள்.

இன்சுலின் அடுத்தது. நம் நாட்டில் பாட்டிலில் வரும் மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 100 யூனிட் பாட்டில்களும் கிடைக்கின்றன. 40-க்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பாட்டில் 40, சிரிஞ்சு ஆரஞ்சு என்று மாறிப்போய், 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி.; அதில் இருப்பது 8 யூனிட்தான். சர்க்கரை குறையவே இல்லை என்று டாக்டர் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போவார். தலைகீழாக, 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மி.லி., அதாவது 50 யூனிட். இது ஆம்புலன்ஸ் கூப்பிடும் அளவுக்குப் போகும். “சுகர் ஊசி பத்து குடு தம்பி” என்று யார் கேட்டாலும், மருந்து பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறதா 100 என்று போட்டிருக்கிறதா என்று கேட்காமல் சிரிஞ்சை எடுக்காதீர்கள். மிக்ஸ்டார்டு என்ற இன்சுலினில் 30, 50 என்று இரண்டு கலவை உண்டு. அவை யூனிட் அல்ல, கலவை விகிதம். புதியவர்கள் இதைப் பலம் என்று நினைத்துக் குழம்புவார்கள்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் இளகிய பிறகு பார்க்கச் சரியாகவே இருக்கலாம், ஆனால் பயன்படாது. ஐஸ் பேக்கை பாட்டிலோடு ஒட்டிக் கட்டிக் கொடுப்பதாலும் இதே கதிதான்; நடுவில் ஒரு காகிதமோ துணியோ சுற்றுங்கள். ஃப்ரிட்ஜ் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதும் வேலை பெரும்பாலும் உங்களிடம்தான் வரும். பார்க்காமலே ஐந்து, ஐந்து என்று ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதிவைக்காதீர்கள். கரன்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. மதியச் சாப்பாட்டுக்கான தயிர் டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அந்த ஃப்ரிட்ஜில் இடமில்லை.

குழந்தை மருந்து மூன்றாவது பெரிய இடம். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மி.லி.க்கு 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. ஒன்று, 250 மி.கி. ஒன்று. குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொண்டால், சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி., 125-இல் ஆறு மி.லி., 250-இல் மூன்று மி.லி. சீட்டில் 6 மி.லி. என்று எழுதியிருக்க, சிரப் இல்லை என்று சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து அதே 6 மி.லி. என்று சொன்னால் 600 மி.கி. போகும், நான்கு மடங்கு. 'பாராசிட்டமால்தானே' என்று சொல்ல வாய் வரும் இடம் இதுதான். பாட்டிலில் 5 மி.லி.க்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதைப் படித்து, குழந்தையின் எடையைக் கேட்டு, பார்மசிஸ்டிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம், அளவு மூடியிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். குளோர்ஃபெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது. சீட்டு இல்லாமல் “பாப்பாவுக்கு ஒரு சளி டானிக்” என்று வருபவர்களுக்கு இதை நீங்களே சொல்லலாம்.

ஆன்டிபயாட்டிக் பொடி பாட்டிலைக் கலக்கக் காட்டித் தருவதும் டிரெய்னிக்கு வரும். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட வேண்டும். கூடவே வரும் தண்ணீரை, அல்லது காய்ச்சி முழுக்க ஆறவைத்த தண்ணீரைப் பாதி அளவு ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். முதலிலேயே கோடு வரை ஊற்றினால் அடியில் பொடி கட்டியாக நிற்கும். முதல் நாள் தண்ணீர், கடைசி நாள் மருந்துக் குழம்பு என்று ஆகும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்றால் கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். கலந்த தேதியை லேபிளில் எழுதச் சொல்லுங்கள்.

கையில் கொடுக்கும்போது என்ன சொல்வது? எல்லாவற்றையும் சொல்ல நேரம் இருக்காது. சிலவற்றுக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காலைக் காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு அளவு ஏறவில்லை என்று டாக்டரிடம் போகிறவர்கள் ஏராளம். ஆஸ்துமா போன்றவற்றுக்குத் தரும் ரோட்டாகேப்ஸ் என்பது விழுங்கும் கேப்சூல் அல்ல, கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டியது. கேப்சூல் என்றாலே தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை வாங்குகிறார் என்றால் அந்தக் கருவி, ரோட்டாஹேலர், வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வாங்குகிறவர் கூடவே முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை கேட்டால், கையை நிறுத்திவிட்டுப் பார்மசிஸ்டைக் கூப்பிடுங்கள். பல வலி மாத்திரைகள் அதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.

சீட்டு இல்லாமல் வருபவர்கள்தான் நம் ஊரில் அதிகம். “தம்பி, பிரஷர் மாத்திரை ஒரு அட்டை குடுப்பா, வெள்ளையா சின்னதா இருக்கும்.” இதற்கு ஒரே பதில்: “பழைய அட்டையோ சீட்டோ கொண்டு வந்திருக்கீங்களாம்மா?” அந்த அம்மாவின் பழைய பில் கடைக் கணக்கில் போன் நம்பரோடு இருக்கும்; பெயரையும் பலத்தையும் அங்கே பார்க்கலாம். ஆனால் அது மருந்துச் சீட்டு ஆகிவிடாது. கொடுப்பதா வேண்டாமா என்பது பார்மசிஸ்ட் முடிவு. பதிவு பெற்ற பார்மசிஸ்டின் நேரடி மேற்பார்வையில்தான் சீட்டு மருந்து கைமாற வேண்டும் என்பது மருந்து விதிகளின் விதி 65. அவர் சாப்பிடப் போயிருக்கும் அரை மணி நேரத்தில் உங்களைத் தனியே நிறுத்தினால், சோப்பும் டயாப்பரும் விற்கலாம். சீட்டு மருந்துக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

அட்டவணை ஹெச்1, அதாவது சீட்டுக்கு மட்டும் விற்று, விற்றதைத் தனியே பதிய வேண்டிய மருந்துகளின் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருப்பது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். செஃபிக்சைம், லெவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், சோல்பிடெம் எல்லாம் இதில் அடக்கம். அசித்ரோமைசின், அமாக்சிசிலின் இதில் இல்லை, சீட்டு மருந்துகளுக்கான வெறும் ஹெச்தான், இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஹெச்1 விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் டாக்டர் பெயர் கேட்கும்போது 'செல்ஃப்' என்றோ வாய்க்கு வந்த பெயரையோ தட்டுவது பழக்கமாகிவிட்ட கடைகள் உண்டு. அந்தப் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டு வராதீர்கள். டாபென்டடால் போன்ற வலி மாத்திரையைப் போதைக்காகத் தேடி வரும் இளைஞர்களையும் பார்ப்பீர்கள். மங்கிய ஜெராக்ஸ் சீட்டு, மாத்திரையோடு சிரிஞ்சும் வேண்டும் என்ற பேச்சு, அவசரம். விவாதிக்காதீர்கள், “ஸ்டாக் இல்லை” என்று பொய்யும் சொல்ல வேண்டாம், அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். “ஒரிஜினல் சீட்டு இல்லாமல் தர மாட்டோம்” என்று சொல்லிவிட்டுப் பார்மசிஸ்ட் பக்கம் திரும்புங்கள். கருக்கலைப்பு மாத்திரை கேட்டு வந்தாலும் அப்படியே. அது மருத்துவர் மேற்பார்வையில் தரவேண்டியது, கவுண்டரில் பேசும் விஷயமே அல்ல.

விற்பனை டார்கெட் விவகாரம் செயின் கடையில் கட்டாயம் வரும். கடையின் சொந்த பிராண்டு வைட்டமின், புரோட்டீன் மாவு, “இதையும் சேர்த்துக்கலாமா சார்” என்ற பேச்சு. டயாப்பருக்கும் ஷாம்புக்கும் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் சீட்டில் உள்ள பிராண்டு இல்லை என்றால், சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச், எக்ஸ் அட்டவணை மருந்துகளில் அதே மூலப்பொருள் என்றாலும் வேறொன்றை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று விதி 65(11ஏ) சொல்கிறது. நடைமுறையில் தினமும் மீறப்படும் விதி இதுதான். 'சேம் கன்டென்ட்தான் சார்' என்ற வாக்கியத்தை டிரெய்னி சொல்லப் பழகாமல் இருப்பது நல்லது. இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். அல்லது பார்மசிஸ்ட் டாக்டரிடம் பேசி மாற்றட்டும்; பேசிய நேரத்தையும் சீட்டில் எழுதட்டும். முதல்வர் மருந்தகத்தில் இதே மருந்து பாதி விலை என்று யாராவது சொன்னால் வாக்குவாதம் செய்ய வேண்டாம். அங்கே மூலப்பொருள் பெயரில் விற்கும் மருந்துகளும் உண்டு, விலை குறைவுதான்.

கடைசியாக, தவறு நடந்துவிட்டால். நடக்கும். மாலை ஸ்டாக் எண்ணும்போது கிளைகோமெட் ஜிபி1 ஒரு அட்டை அதிகம், ஜிபி2 ஒரு அட்டை குறைவு என்று தெரியும். இதைப் பெரும்பாலும் ஸ்டாக் கணக்கில் சரிக்கட்டி மூடிவிடுவார்கள். அது ஒருவர் வீட்டுக்குத் தவறான பலம் போயிருக்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அன்றைய பில்லில் ஜிபி1 வாங்கியவர்களை எடுங்கள். இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பார்மசிஸ்டிடம் உடனே சொல்லுங்கள். மறுநாள் காலை வரை தள்ளாதீர்கள், இரவு வேளை மாத்திரை அதற்குள் போய்விடும். அவர் முன்னிலையில் போன் செய்து, “அட்டையில் என்ன எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டுங்க” என்று கேளுங்கள். 'சரியாத்தான் இருக்கு' என்ற பதிலை ஏற்காதீர்கள். எழுத்தை எழுத்தாகப் படிக்க வைக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் படிக்கத் தெரிந்தவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். தவறுதான் என்று தெரிந்தால் இனி அதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி, சரியான அட்டையைக் கடை ஆளிடம் கொடுத்தனுப்பி, தவறானதை வாங்கி வரச் சொல்லுங்கள். வந்த அட்டையில் எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். பார்மசிஸ்ட் டாக்டரிடம் பேசும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.